சஷ்டிப் பிறையும் இரண்டு வாய் தயிர்சாதமும்

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

கந்த சஷ்டி நெருங்குது. குரூப்பில் இப்பவே மெசேஜ் வர ஆரம்பிச்சாச்சு. காப்பு எத்தனை மணிக்குக் கட்டணும், மிளகு விரதமா இளநீர் விரதமா, நைட் ஷிப்ட் போறவங்க என்ன பண்றது, கவசம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை. எல்லாம் நல்ல கேள்விகள்தான். கூடவே இன்னொரு வகை மெசேஜும் சுத்துது. "சஷ்டி விரதத்தில் செய்யவே கூடாத தவறுகள்" என்று ஒரு நீளப் பட்டியல். கடைசியில், "இதில் ஒன்று தவறினாலும் விரதத்தின் பலன் கிடைக்காது" என்று ஒரு வரி.

அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் இன்னைக்குப் பேசப் போறேன். ஆனா பேச்சை நிலாவில் இருந்து தொடங்கணும். கொஞ்சம் பொறுத்துக்குங்க.

இதில் வருவது என் மனைவியின் கதையும்கூட. அவ முழுசாப் படிச்சுப் பார்த்துட்டு "போடுங்க" என்று சொன்ன பிறகுதான் போடுகிறேன்.

முந்தின வருஷ சஷ்டிக்கு நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து விரதம் இருந்தோம். கல்யாணமாகி மூணு வருஷம். "சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்ற பழமொழியை "சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்று மாற்றிச் சொல்வாங்களே, அதை எங்ககிட்ட சொல்லாத சொந்தக்காரங்களே கிடையாது. சரி, இருந்துடலாம்னு முடிவு பண்ணினோம். முறை தெரியணுமில்லையா? நான்தான் எங்கிருந்தோ வந்த ஒரு தவறுகள் பட்டியலை அவளுக்கு ஃபார்வர்ட் பண்ணினேன். அவ அதை பிரிண்ட் எடுத்து பூஜை அலமாரிக் கதவில் ஒட்டினா. நான் பாலும் பழமும். அவ வெறும் பால் மட்டும்.

அஞ்சாம் நாள் ராத்திரி அவளுக்குத் தலை சுத்திடுச்சு. பாத்ரூம் வாசலில் சுவரைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டா. ஃபிரிட்ஜில் இருந்த தயிர்சாதத்தை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டா. மறுநாள் திரும்ப விரதம், சூரசம்ஹாரம், திருக்கல்யாணம் எல்லாம் முடிஞ்சுது.

மாசியில் நாள் தள்ளிப் போச்சு. அந்தச் சந்தோஷத்தை எழுத வேண்டாம், உங்களுக்கே தெரியும். பங்குனி உத்திரத்துக்கு நாலு நாள் முன்னாடி 9-வது வார ஸ்கேன். துடிப்பு இல்லை.

டாக்டர் பொறுமையாச் சொன்னாங்க. உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்கு 10 முதல் 20 வரை இப்படிக் கலைந்துவிடுகிறது. முதல் மூன்று மாதத்தில் கலைவதில் ஏறக்குறைய பாதிக்கு, சில கணக்குப்படி அதற்கும் மேல், காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. நீ மாடிப்படி ஏறினதாலோ, வண்டியில் போனதாலோ, எதையோ சாப்பிட்டதாலோ இல்லை. அவ தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டா. ஆனா அதே வாரம் வீட்டுக்கு வந்த அத்தை ஒருத்தங்க, தப்பா நினைச்சுச் சொல்லலை, பழக்கதோஷத்தில் கேட்டாங்க: "விரதத்துல ஏதாச்சும் குறை வெச்சுட்டீங்களாடா?"

டாக்டர் சொன்ன இருபது நிமிஷமும் அந்த ஒரு கேள்வியில் காணாமப் போயிடுச்சு.

அடுத்த ஐப்பசி வந்தப்போ கேட்டேன், "இந்த வருஷம் இருக்கலாமாம்மா?" அவ சொன்ன பதில்: "வேண்டாங்க. எனக்கு அவரைப் பார்த்தா பயமா இருக்கு."

யாரைப் பார்த்து? சின்னப் பிள்ளையா ஆறு பேர் மடியில் வளர்ந்தவரைப் பார்த்து. "யாமிருக்க பயமேன்" என்று படத்துக்குப் படம் அடியில் எழுதி வைக்கிறோமே, அவரைப் பார்த்து. அந்தப் பயத்தை அவளுக்குள் ஃபார்வர்ட் பண்ணினது நான்தான். இதை எழுதும்போதுகூட கை கொஞ்சம் தயங்குது.

இப்ப நிலா.

என்கிட்ட ஒரு சின்ன டெலஸ்கோப் உண்டு. 70 மில்லிமீட்டர் லென்ஸ், 700 மில்லிமீட்டர் குவியத்தூரம். போன போனஸில் வாங்கினது. கூட வந்த இரண்டு கண்ணாடிகளில் ஒன்றைப் போட்டால் 28 மடங்கு, மற்றதைப் போட்டால் 70 மடங்கு. பெரிய கருவியெல்லாம் இல்லை. ஆனா கலிலியோ 1609-ல் நிலாவைப் பார்த்தது சுமார் 20 மடங்கு காட்டிய குழாயில்தான். அந்த ஆறு நாளும் விரதம் இல்லை, காப்பு இல்லை. சாயங்காலம் விளக்கேத்திட்டு மொட்டை மாடிக்குப் போகலாம், வானம் இருந்தா பார்க்கலாம், மழைன்னா திரும்பி வந்துடலாம் என்று மட்டும் பேசிக்கிட்டோம்.

கந்த சஷ்டி ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள், பிரதமையில் தொடங்குது. திதி என்றால் என்ன என்று நம்மில் பலபேர் யோசிச்சே பார்த்திருக்க மாட்டோம், காலண்டரில் போட்டிருக்கும், அவ்வளவுதான். வானத்தில் சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவில் உள்ள கோணம் ஒவ்வொரு 12 டிகிரி கூடும்போதும் ஒரு திதி. பிரதமை என்றால் அந்தக் கோணம் 12 டிகிரிக்குள். அதாவது நிலா கிட்டத்தட்ட சூரியன் பக்கத்திலேயே இருக்கும், அவரோடயே மறைஞ்சுடும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. முதல் நாள் நாங்க மாடியில் நின்று பார்த்தது தண்ணித் தொட்டியும் கேபிள் ஒயரும்தான்.

எனக்கு அன்னைக்குத்தான் தோணுச்சு. இந்த விரதத்தை வகுத்தவங்க, பிறை தெரியுற நாளில் தொடங்கச் சொல்லலை. ஒண்ணுமே தெரியாத நாளில் தொடங்கச் சொல்லியிருக்காங்க.

இரண்டாம் நாள் பிடிச்சுடலாம்னு ஆசைப்பட்டேன். மேற்கே அடிவானத்தில் பட்டையா மேகம். இல்லை.

மூன்றாம் நாள் கிடைச்சுது. சூரியன் முழுசா இறங்கி இருபது நிமிஷம் கழிச்சு, மேற்கே, கொஞ்சம் தெற்கு தள்ளி, ஓடம் சாய்ந்து மிதக்கிற மாதிரி. (இதை மட்டும் கண்டிப்பா சொல்லணும்: சூரியன் முழுசா மறையுற வரைக்கும் டெலஸ்கோப்பை அந்தப் பக்கமே திருப்பாதீங்க. வடிகட்டி இல்லாமல் அதில் சூரியனைப் பார்த்தால் கண் போயிடும்.) 28 மடங்கில் வெச்சேன். மெல்லிய வெள்ளிப் பிறை. நிலாவின் முகத்தில் வெயில் பட்டது நூற்றில் ஏழெட்டுப் பங்கு இருக்கும். மீதி எல்லாம் இருட்டு.

அவளைப் பார்க்கச் சொன்னேன். ரொம்ப நேரம் குனிஞ்சிருந்தா. அப்புறம் கேட்டா, "ஏங்க, மீதி நிலாவும் தெரியுதே? சாம்பல் கலர்ல, முழு வட்டமா?"

தெரியும். வெறும் கண்ணுக்கே லேசாத் தெரியும், டெலஸ்கோப்பில் நல்லாவே தெரியும். அந்த இருட்டுப் பக்கத்தில் வெயில் நேரா விழலை. பூமியில் விழுந்த வெயில் நம்ம மேகத்திலும் கடலிலும் பட்டுத் திரும்பி, நிலா வரைக்கும் போய், அதன் இருட்டைத் தொட்டு, மறுபடி நம்ம கண்ணுக்கு வருது. இதை 500 வருஷத்துக்கு முன்னாடி சரியா யோசிச்சு எழுதினவர் லியோனார்டோ டா வின்சி. நமக்கு மெல்லிய பிறை தெரியுற அதே ராத்திரி, நிலாவில் நின்று பார்த்தால் பூமி கிட்டத்தட்ட முழு வட்டமாத் தெரியும். நம்ம பௌர்ணமி நிலாவைவிட குறுக்களவில் நாலு மடங்கு பெரிசா.

சாஃப்ட்வேர்காரன் புத்தி, எல்லாத்தையும் விளக்கிடணும். சராசரி தூரம் 3,84,400 கிலோமீட்டர், ஒளிக்கு ஒண்ணேகால் செகண்டுக்குச் சற்று அதிகம் ஆகும் என்று நான் அடுக்கிக்கிட்டே போனேன். அவ நடுவில் நிறுத்தி, "அப்ப அது எங்கயும் போகலை. இருட்டா இருக்கு, அவ்வளவுதான்" என்றாள். அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லலை.

கண்ணாடியை மாற்றி 70 மடங்கு வெச்சப்போ பிறைக்குள்ள ஒரு நீளுருண்டைக் கறை தெரிஞ்சுது. கருஞ்சாம்பல் நிறம். போனில் நிலா வரைபடத்தை எடுத்துப் பார்த்தோம். டெலஸ்கோப்பில் இடம் வலம் மாறித் தெரியும். அதனால் வரைபடத்தைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி மனசுக்குள் திருப்பிக்கணும், முதல் நாள் தலையே வலிக்கும். அந்தக் கறையின் பெயர் மாரே கிரிசியம். தமிழில் சொன்னா, நெருக்கடிகளின் கடல். கடல் என்று பேர்தானே தவிர தண்ணி கிடையாது. பழைய எரிமலைக் குழம்பு பரவி உறைந்த சமவெளி. 1651-ல் ரிச்சியோலி என்ற இத்தாலியப் பாதிரியார் வைத்த பெயர்கள்தான் இன்னைக்கும் புழங்குது.

நாலாம் நாள் காலையிலேயே அம்மா ஊரில் இருந்து போன். "டேய், நேத்து மூணாம் பிறை பார்த்தீங்களா? நல்லது. இன்னைக்குப் பார்க்காதீங்கப்பா. நாலாம் பிறை பார்த்தா நாய் படாத பாடு." பிள்ளையாரைப் பார்த்துச் சந்திரன் சிரிச்ச கதை எல்லாருக்கும் தெரியும். நான் "அம்மா, அது ஆவணி சதுர்த்திக்குத்தானே" என்று வாதாட வாய் எடுத்தேன். வாதத்துக்கு வேலை வைக்காம, நாலு மணிக்கு ஆரம்பிச்ச மழை ராத்திரி பத்து வரைக்கும் விடலை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் டெலஸ்கோப் வாங்கினவனுக்கு வேற என்ன கிடைக்கும். அம்மா ஜெயிச்சாங்க.

அஞ்சாம் நாள். எங்க வீட்டில் அஞ்சாம் நாள் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு இப்பத் தெரியும். அவ மாடிக்கு வருவாளா என்றே எனக்குச் சந்தேகம். வந்தா. மழை கழுவின வானம், பிறை நல்லா தடிச்சிருந்தது. நெருக்கடிக் கடல் இப்ப முழு வெளிச்சத்தில், ஓரமாப் போயிடுச்சு. அதுக்குப் பக்கத்தில் இன்னொரு பெரிய கறை வெளியே வந்திருந்தது.

அதன் பேர் எனக்கு முன்னாடியே தெரியும். சொல்லாம விட்டுடலாம்னு நினைச்சேன். ஆனா வரைபடம் அவ கையில் இருந்தது. தேடிப் பிடிச்சுட்டா. மாரே ஃபெகுண்டிட்டாடிஸ். "இதுக்கு என்ன அர்த்தம்?"

"வளமை... வளமைக் கடல்."

"எந்த வளமை?"

பொய் சொல்ல வரலை. "பிள்ளைப்பேறு. அந்த மாதிரி வளமை."

ஒரு நிமிஷம் பேச்சில்லை. பூமி சுத்துறதால் 70 மடங்கில் நிலா இரண்டு மூணு நிமிஷத்தில் பார்வையை விட்டு நகர்ந்துடும், திரும்பத் திரும்ப இழுத்து வைக்கணும். நான் இழுத்து வைக்கிற சாக்கில் குனிஞ்சுக்கிட்டேன். அவ திடீர்னு சிரிச்சா. "நெருக்கடிக்கு அடுத்த ஸ்டாப்பாங்க இது?" அழுகையும் இருந்தது அதில். ஆனா சிரிப்புதான். அந்தப் பங்குனிக்குப் பிறகு அந்த விஷயத்தை வைத்து அவ சிரிச்சது அதுதான் முதல் தடவை.

ஆறாம் நாள், சஷ்டி. அன்னைக்குச் சாயங்காலம் திருச்செந்தூர் கடற்கரை சூரசம்ஹாரத்தை போனில் நேரலையாப் பார்த்தோம். ஒரு விஷயம் கவனிச்சிருக்கீங்களா? சஷ்டி நிலா மத்தியானத்துக்கு முன்னாடியே உதிச்சிடும். அய்யன் வேலை எடுக்கிற அந்தச் சாயங்கால நேரத்தில், மேகம் இல்லைன்னா, அந்தப் பிறை தெற்கு வானத்தில் உச்சிப் பக்கம் வெளிறி நிற்கும். லட்சக்கணக்கான கண்ணும் சப்பரத்தைப் பார்க்கும், மேலே யாரும் பார்க்கிறதில்லை. கோணக் கணக்குப்படி சஷ்டி திதியில் நிலா முகத்தில் கால் பாகத்துக்குக் கொஞ்சம் மேல், மூன்றில் ஒரு பாகம் வரைக்கும் வெயில் இருக்கும். ஒண்ணுமே தெரியாத பிரதமையில் தொடங்கி ஆறு நாளில் இவ்வளவு.

"வளர்பிறை" என்று சொல்றோம். நிலா வளர்றதே இல்லை. எப்பவும் அதன் பாதி மேல வெயில் இருக்கு. நாம பார்க்கிற பக்கத்தில் விடியல் ஏறி வருது, அவ்வளவுதான். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற அந்த எல்லையை நான் விடியல் கோடு என்று சொல்லிக்கிறேன். அங்கே நிற்கிறவனுக்கு அது சூரியோதயம். நிலாவின் நடுக்கோட்டில் அந்த விடியல் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தில் நகருது, நல்லா சைக்கிள் மிதிச்சா கூடவே போகலாம். அங்கே ஒரு பகல் நமக்கு 14 நாளுக்கு மேல். நம்ம விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநரா இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று, அமாவாசை கழிந்து ஏழாம் நாள், தென்துருவப் பக்கம் அந்த இடத்தில் பொழுது விடிந்த பிறகுதான் தரை இறங்கினது. சூரிய ஒளியில் வேலை செய்யுற கருவிக்கு ஒரு முழுப் பகல் கிடைக்கணுமில்லையா.

டெலஸ்கோப்பில் பார்க்க வேண்டியது அந்த விடியல் கோட்டைத்தான். பௌர்ணமி அன்னைக்குப் பார்த்தால் ஏமாந்து போவீங்க. கண்ணு கூசும், ஆனா மேடு பள்ளம் ஒண்ணும் தெரியாது. வெயில் நேரா விழுந்தால் நிழலே இருக்காது, நிழல் இல்லைன்னா உருவம் இல்லை. பிறையில்தான் எல்லாம் தெரியும். அதுவும் கோட்டுக்குப் பக்கத்தில், வெயில் சாய்ஞ்சு விழுற இடத்தில், ஒவ்வொரு பள்ளமும் மையை ஊத்தி வெச்ச மாதிரி நிக்கும்.

அன்னைக்குக் கோடு நின்ற இடத்தில் தியோஃபிலஸ் என்று ஒரு பள்ளம். சுமார் 100 கிலோமீட்டர் அகலம். அதை ஒட்டி விரியுற சமவெளிக்குப் பேர் மாரே நெக்டாரிஸ், அமுதக் கடல். பள்ளத்தின் கிழக்கு விளிம்பு வரைக்கும் வெயில். உள்ளே முழு இருட்டு, கிண்ணம் நிறைய. அந்த இருட்டின் நடுவில், எதிலும் ஒட்டாம, ஒரே ஒரு வெளிச்சப் புள்ளி.

"இது என்னங்க, நட்சத்திரமா?" என்று கேட்டா.

நட்சத்திரம் இல்லை. பள்ளத்தின் நடுவில் ஒரு மலை இருக்கு. அடிவாரத்தில் இன்னும் ராத்திரி, உச்சிக்கு மட்டும் விடிஞ்சிருக்கு. இப்படிப்பட்ட புள்ளிகளை இருட்டுப் பக்கத்தில் பார்த்துத்தான், அவை நேரம் ஆக ஆக வளர்வதைக் கவனிச்சுத்தான், நிலாவில் மலைகள் இருக்கு என்று கலிலியோ கண்டுபிடிச்சு 1610-ல் புத்தகமாப் போட்டார். அந்த மலை எப்படி வந்தது தெரியுமா? பெரிய பாறை ஒண்ணு வந்து மோதி அந்தப் பள்ளம் உண்டாச்சு. மோதின வேகத்தில் அடியில் இருந்த தரை எகிறி மேலே எழும்பி அப்படியே நின்னுடுச்சு. அடி விழுந்த அதே இடத்தில்தான் மலை.

நாங்க மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஒரு மணி நேரத்தில் அந்தப் புள்ளி இரண்டாச்சு, அப்புறம் சேர்ந்து ஒரு சின்னக் கோடாச்சு. ஒரு சூரியோதயம் மெதுவா நடக்கிறதைப் பார்த்துக்கிட்டே இருந்தோம். கீழே ஏதோ வீட்டில் சூரசம்ஹார மறுஒளிபரப்பு, அரோகரா சத்தம் மாடி வரைக்கும் கேட்டுது.

அப்பதான் அவ கேட்டா. கண்ணை எடுக்காம, நிலாவைப் பார்த்துக்கிட்டே.

"ஏங்க, சூரனை என்ன பண்ணினார்?"

"மாமரமா நின்னான். வேல் பிளந்துது. ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல்."

"மயில் மேல ஏறிக்கிட்டார். சேவலைக் கொடியில வெச்சுக்கிட்டார்."

"ஆமா."

"தேவர்களை எல்லாம் சிறையில போட்டவன். கடைசி நொடி வரைக்கும் எதிர்த்து நின்னவன். அவனையே தூக்கிப் போடாம கூட வெச்சுக்கிட்டவர்..." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அவரா ரெண்டு வாய் தயிர்சாதத்துக்குக் கணக்கு எழுதுவார்?"

சொந்தங்களே, நான் கந்தபுராணச் சொற்பொழிவு நிறையக் கேட்டவன். கச்சியப்ப சிவாச்சாரியார் பாடின அந்தக் கட்டத்துக்கு ஆணவம் என்றும் மாயை என்றும் எத்தனையோ விளக்கம் உண்டு, எல்லாமே சரிதான். ஆனா எங்க மாடியில் அன்னைக்கு அவ கேட்ட கேள்விக்கு மேல எனக்கு ஒரு விளக்கம் வேண்டியிருக்கலை. இறங்கி வந்ததும் முதல் வேலையா பூஜை அலமாரிக் கதவில் இருந்த அந்தக் காகிதத்தைக் கிழிச்சா. செல்லோடேப் தடம் இன்னும் இருக்கு, போகலை.

ஒழுங்கு வேண்டாம்னு நான் சொல்லலை. தப்பா எடுத்துக்காதீங்க. காப்பு கட்டுங்க, பட்டினி இருக்க முடிஞ்சா இருங்க, கவசம் படிங்க. தேவராய சுவாமிகள் அதைப் பாடினது உடம்பின் ஒவ்வொரு உறுப்பையும் வேல் காக்கட்டும் என்று கேட்கத்தானே? உடம்பைக் காக்கச் சொல்லி வேண்டிக்கிட்டே, தலை சுத்துற உடம்புக்கு ஒரு வாய் சோறு கொடுத்ததைப் பாவம்னு சொல்றது எந்த ஊர் நியாயம்? மாத்திரை சாப்பிடுறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க, கர்ப்பத்துக்குக் காத்திருக்கிறவங்க, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு இருங்க. நடுவில் முடியலைன்னா சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டு மறுபடி அவர்கிட்டயே வாங்க.

அந்தப் பட்டியல் மெசேஜ் உங்களுக்கு வந்தா, கடைசி வரியை அழிச்சுட்டு அனுப்புங்க. இல்லைன்னா அனுப்பாமயே விடுங்க. நீங்க அனுப்புற குரூப்பில் ஸ்கேன் ரூமில் இருந்து வெளியே வந்த ஒருத்தி இருப்பா. அவ பேர் உங்களுக்குத் தெரியாது. கேட்டு வாங்குற பலன் கிடைச்சதா என்று என்கிட்ட கேட்பீங்க. இன்னும் இல்லை. வீட்டில் இரண்டு பேர்தான். ஆனா அவளுக்கு இப்ப அவரைப் பார்த்தா பயம் இல்லை. நான் அந்த வருஷம் வேண்டிக்கிட்டது அதுதான், அதைத் தவிர வேற எதையும் வேண்டிக்கலை.

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். அன்னைக்கு ராத்திரி மூட்டை கட்டுறதுக்கு முன்னாடி, கிழக்கே ஏறியிருந்த கார்த்திகைக் கூட்டத்துக்கு டெலஸ்கோப்பைத் திருப்பினேன். வெறும் கண்ணுக்கு ஆறு. சரவணப் பொய்கையில் பிள்ளையை எடுத்து வளர்த்த ஆறு அம்மாமார். 28 மடங்கில் பார்த்தால் கண் நிறைய நீல வைரங்கள், டஜன் கணக்கில். அவ நிலாவைப் பார்த்ததைவிட அதிக நேரம் அதைப் பார்த்தா. "இவங்க யாருமே அவரைப் பெத்தவங்க இல்லைல?" என்று மட்டும் கேட்டா. இல்லை என்றேன். அவங்க பேராலதான் அவருக்குக் கார்த்திகேயன் என்று பேர்.

இந்த வருஷம் அவளே காப்பு கட்டலாம்னு சொல்லியிருக்கா. காலையில் இட்லியும் மாத்திரையும் உண்டு, மத்தியானம் ஒரு வேளைச் சாப்பாடு, ராத்திரி பால். அதுதான் எங்க விரதம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மாடிக்கு வாங்க. டெலஸ்கோப் இல்லைன்னா பரவாயில்லை. சூரியன் இறங்கி அரை மணி நேரத்துக்குள்ள, மேற்கே, கொஞ்சம் தெற்கு தள்ளிப் பாருங்க. பிறையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கிட்டுத் திரும்பிடாம, ஒரு நிமிஷம் நின்று அந்தச் சாம்பல் கலர் மீதி நிலாவையும் தேடுங்க. நாங்களும் எங்க மாடியில் நிப்போம்.

வேலும் மயிலும் துணை.